‘ஒன்று’ இருக்கும்போது இத்தனை தெய்வங்கள் எதற்கு?

கேள்வி: வணக்கம் அம்மா. வயது 27, கணினி வேலை. ஆறு மாதமாக, மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் கற்பித்த கிரேக்கத் தத்துவ ஆசிரியர் ப்ளோட்டினஸைப் படிக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே பெயரும் வடிவமும் இல்லாத ‘ஒன்று’ என்று இவ்வளவு தெளிவாகச் சொன்னவரின் வழியில் வந்தவர்கள், அப்புறம் எதற்குத் தெய்வங்கள், தேவதூதர்கள், டைமோன்கள், வீரர்கள் என்று ஒரு பெரிய கூட்டத்தை உள்ளே கொண்டுவந்தார்கள்? அந்த வழியில் ஐந்தாம் நூற்றாண்டில் வந்த ப்ரோக்ளஸைத் திறந்தால் அரசு அலுவலகப் பதவிப் பட்டியல் மாதிரி இருக்கிறது. நாற்பது பக்கத்தில் மூடிவிட்டேன். இவர்கள் எல்லாரும் உள்ளுக்குள் ஒரே கடவுள் கொள்கைக்காரர்கள்தான், ஊருக்குப் பயந்து பழைய தெய்வங்களை விட்டுவைத்தார்கள் என்கிறான் என் நண்பன். ‘அவர்கள்தான் என்னிடம் வர வேண்டும், நான் அவர்களிடம் போக வேண்டியதில்லை’ என்று ப்ளோட்டினஸ் சொன்னதை எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். டைமோன் என்றால் பேய்தானே? ப்ரோக்ளஸை விட்டுவிடலாமா?

பதில்: வணக்கம் தம்பி. விடாதீர்கள். நீங்கள் மூடிவைத்த இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிரேக்கத் தத்துவம் நடத்தியிருக்கிறேன், முதல் சில ஆண்டுகள் நானும் மாணவர்களிடம் ப்ளோட்டினஸ்தான் சிகரம், அவருக்குப் பின்னால் வந்ததெல்லாம் சரிவு, பூசையும் மந்திரமும் புகுந்து தத்துவம் கெட்டுப்போனது என்றுதான் சொன்னேன், ஏனென்றால் நான் படித்த வரலாற்று நூல்கள் அப்படித்தான் சொல்லின. பிறகு ஒரு விடுமுறையில் ப்ரோக்ளஸின் ‘இறையியலின் மூலக்கூறுகள்’ நூலை முதல் வாக்கியத்திலிருந்து வரிசையாக, ஒன்றையும் தாண்டாமல் படித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை நான் பழைய மாதிரி நடத்தவில்லை.

முதலில் உங்கள் மேசைக்கு மேலே இருக்கும் வரி. அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? ப்ளோட்டினஸ் எழுதியது அல்ல. அவருடைய மாணவர் போர்ஃபிரி, ஆசிரியரின் வாழ்க்கையை எழுதும்போது சொல்லும் ஒரு சம்பவம். அமேலியஸ் என்ற இன்னொரு மாணவருக்குப் பலி கொடுப்பதிலும் திருநாள்களுக்குக் கோயில் கோயிலாகப் போவதிலும் மிகுந்த ஈடுபாடு. அமாவாசை கழிந்து புதுநிலா வரும் நாளில் போகும்போது ஆசிரியரையும் கூப்பிட்டார், அதற்குத்தான் அந்தப் பதில். ஆனால் போர்ஃபிரி அதோடு நிறுத்தவில்லை. இவ்வளவு உயர்வாகப் பேசியவர் எந்த அர்த்தத்தில் அப்படிச் சொன்னார் என்று எங்களுக்கும் புரியவில்லை, கேட்கவும் துணியவில்லை என்று சேர்த்துச் சொல்கிறார். கூடவே இருந்தவர்களுக்கே புரியாத வரியை நாம் ஒரு கொள்கை முழக்கமாக எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதே நூலின் தொடக்கத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: தன் பிறந்த நாளை யாருக்கும் சொல்லாத ப்ளோட்டினஸ், பிளேட்டோவின் பிறந்த நாளுக்கும் சாக்ரடீஸின் பிறந்த நாளுக்கும் பலி கொடுத்து, நண்பர்களுக்கு விருந்து வைத்திருக்கிறார். சடங்கே வேண்டாம் என்று ஒதுங்கியவர் செய்கிற காரியம் அல்ல இது.

அந்த வரிக்கு நான் சொல்லும் விளக்கம், அவருடைய சொந்த எழுத்திலிருந்தே. ஐந்தாம் எனியாடின் (அவர் கட்டுரைகளை ஒன்பது ஒன்பதாகச் சேர்த்த தொகுப்புக்கு எனியாட் என்று பெயர்) ஐந்தாவது கட்டுரையில் எட்டாவது பகுதியை எடுத்துப் பாருங்கள். உயர்ந்ததைத் துரத்திக்கொண்டு ஓடக் கூடாது, அது தோன்றும் வரை அமைதியாகக் காத்திருக்க வேண்டும், கண் சூரிய உதயத்துக்குக் காத்திருப்பது போல, சூரியன் அடிவானத்துக்கு மேலே வந்து தன்னைத் தானே கண்ணுக்குக் கொடுக்கும் என்கிறார். ‘அவர்கள் என்னிடம் வர வேண்டும்’ என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் அதில் அலட்சியம் தெரியவில்லை. காத்திருப்பவனின் பேச்சாகத்தான் தெரிகிறது.

இனி உங்கள் நண்பரின் வாதம். இரண்டு பக்கமும் அது நிற்காது.

ப்ளோட்டினஸின் காலத்தில் ரோமில் ஞானவாதிகள் என்ற குழுவினர் இருந்தார்கள், அவருடைய வகுப்புக்கே வந்தவர்கள். இந்த உலகம் ஒரு தவறு, வானத்து நட்சத்திரங்களை விட எங்கள் ஆன்மா உயர்ந்தது, எங்களுக்கும் உச்சியில் இருக்கும் கடவுளுக்கும் இடையில் வேறு யாரும் தேவையில்லை என்று பேசினார்கள். ப்ளோட்டினஸ் அவர்களுக்கு எதிராக ஒரு முழுக் கட்டுரையே எழுதினார், இரண்டாம் எனியாடில் ஒன்பதாவது. பொதுவாக அமைதியாக எழுதுகிறவர், அதில் கோபப்படுகிறார். அதில் ஒரு வரியின் சாரம் இது: தெய்விகத்தை ஒன்றாகச் சுருக்குவது கடவுளின் ஆற்றலை அறிந்தவர்களின் வேலை அல்ல, அது தன்னை எவ்வளவு பலவாகக் காட்டியிருக்கிறதோ அவ்வளவு பலவாகக் காட்டுவதுதான் அறிந்தவர்களின் வேலை. இதை விடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்வார்? பல தெய்வங்கள் இருப்பதை அவர் ‘ஒன்று’க்கு எதிரான சாட்சியாகப் பார்க்கவில்லை, அதன் வளத்துக்குச் சாட்சியாகப் பார்த்தார்.

அப்புறம் அந்த ‘ஊருக்குப் பயந்து’. ப்ரோக்ளஸ் பிறந்தது 412-இல், இறந்தது 485-இல். அவர் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பேரரசர் தியோடோசியஸ் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதைச் சட்டத்தால் தடுத்துவிட்டார், அலெக்சாந்திரியாவின் செராபிஸ் கோயில் இடிக்கப்பட்டுவிட்டது. அவர் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது, 415-இல், அதே நகரத்தில் தத்துவ ஆசிரியை ஹைபேஷியாவைக் கும்பல் கொன்றது. ப்ரோக்ளஸே ஒரு நெருக்கடியில் ஏதென்ஸை விட்டு ஓராண்டு லிடியாவில் போய் இருந்தார். அவர் வீடு நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்க்லேபியஸின் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது, நோயுற்ற ஒரு பெண்ணுக்காக வேண்டிக்கொள்ள அங்கே போனபோது யார் கண்ணிலும் படாமல் போக முடிந்தது அதனால்தான் என்று அவர் மாணவர் மரினஸ் எழுதுகிறார். ஊருக்குப் பயந்தவர் என்றால் தெய்வங்களை விட்டுவிட்டிருக்க வேண்டும், தம்பி. பயம் இருந்த திசை உங்கள் நண்பர் நினைப்பதற்கு நேர் எதிர். ஏதென்ஸின் பெரிய அதீனா சிலையை எடுத்துப் போனபோது, அழகான ஒரு பெண் கனவில் வந்து, ‘வீட்டைத் தயார் செய், ஏதென்ஸின் தலைவி உன்னோடு தங்க விரும்புகிறாள்’ என்று ப்ரோக்ளஸிடம் சொன்னதாகவும் மரினஸ் எழுதியிருக்கிறார். கோயிலிலிருந்து வெளியேற்றப்பட்ட தெய்வத்துக்கு ஒரு தத்துவ ஆசிரியரின் வீட்டில் இடம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்ச நேரம் புத்தகத்தைக் கீழே வைக்க வேண்டியிருக்கும்.

சரி, பயம் காரணம் இல்லை. பின் ஏன் ப்ளோட்டினஸை விட ப்ரோக்ளஸிடம் தெய்வங்கள் இவ்வளவு முன்னால் வந்து நிற்கிறார்கள்? இதற்கு ஆன்மாவைப் பற்றிய ஒரு சண்டைதான் காரணம், இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

ப்ளோட்டினஸ் ஒரு துணிச்சலான கருத்தைச் சொன்னார்: நம் ஆன்மா முழுவதும் இந்த உடம்புக்குள் இறங்கவில்லை, அதில் ஒரு பகுதி எப்போதும் மேலேயே, ‘ஒன்று’க்கு அடுத்ததான பேரறிவின் தளத்திலேயே இருக்கிறது. நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் நாம் செய்ய வேண்டியது உள்ளே திரும்பிக் கவனிப்பது மட்டுமே. கோயிலுக்குப் போகத் தேவையில்லை, ஏனென்றால் நாம் ஏற்கெனவே அங்கே இருக்கிறோம். உங்களுக்கு அவரைப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ப்ளோட்டினஸின் வழியில் போர்ஃபிரிக்கு அடுத்து வந்த, சிரியாவைச் சேர்ந்த யாம்ப்ளிகஸ் இதை ஏற்கவில்லை. ஒரு பகுதி எப்போதும் மேலே ஆனந்தமாக இருக்கிறது என்றால் நாம் ஏன் இப்படி இருக்கிறோம்? தவறு செய்கிறோமே, அழுகிறோமே, அப்போது தவறு செய்வது யார்? ஆன்மா முழுவதுமாகத்தான் இறங்குகிறது என்றார் அவர். ப்ரோக்ளஸும் அதையே ஏற்றார். அவருடைய ‘மூலக்கூறுகள்’ நூலில் 211 கூற்றுகள் இருக்கின்றன, கடைசிக் கூற்று, அந்த 211-ஆவது, இதுதான்: பிறப்புக்குள் இறங்கும் ஆன்மா முழுவதுமாக இறங்குகிறது. நூலையே அந்த இடத்தில் முடிக்கிறார். கிணற்றுக்குள் முழுசாக விழுந்தவன் தன் தலைமுடியைத் தானே பிடித்து மேலே தூக்கிக்கொள்ள முடியாது. மேலேயிருந்து ஒரு கை வர வேண்டும், அந்தக் கைகள்தான் தெய்வங்களும் அவர்களுக்குக் கீழே உள்ளவர்களும்.

இந்தச் சண்டை நடந்த விதம் உங்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதுவும் ஒரு கேள்விக் கடிதமும் பதிலும்தான். போர்ஃபிரி, அனேபோ என்ற எகிப்தியப் பூசாரிக்கு எழுதுவதாக ஒரு கடிதம் எழுதினார். தெய்வங்களுக்கு உணர்ச்சியே இல்லை என்கிறோம், அப்புறம் ஏன் அவர்களைச் சமாதானப்படுத்தப் பூசை? மேலானவர்களுக்குக் கீழானவர்கள் எப்படிக் கட்டளையிட முடியும்? அர்த்தம் தெரியாத அயல்மொழிப் பெயர்களை ஏன் உச்சரிக்கிறீர்கள்? நீங்கள் கேட்பதை விடக் கடினமாகக் கேட்டிருக்கிறார். பதில் எழுதியது அனேபோவின் ஆசிரியர் ‘அபமோன்’, அதாவது அந்தப் பெயரில் யாம்ப்ளிகஸ். ‘மறைபொருள்கள் பற்றி’ என்று இன்று நாம் படிக்கும் நூல் அதுதான். அதில் அவர் விட்டுக்கொடுக்காமல் நிற்கும் இடம்: வேண்டுதல் தெய்வத்தைக் கீழே இழுப்பதில்லை, வேண்டுகிறவரை மேலே உயர்த்துகிறது. தெய்வத்தோடு நம்மைச் சேர்ப்பது சிந்தனை மட்டும் என்றால், சிந்திக்கிறவர்கள் எல்லாரும் இந்நேரம் சேர்ந்திருக்க வேண்டுமே, அப்படி நடக்கவில்லையே என்றும் கேட்கிறார். வெறும் சிந்தனையில் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் அந்தக் கேள்வி எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இதே கருத்தைப் பிறகு டயோனீசியஸ் என்ற பெயரில் எழுதிய ஒரு கிறித்துவர் ஒரு படமாகவே காட்டினார். படகில் இருப்பவர்கள் பாறையில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள், பார்ப்பதற்குப் பாறையை இழுப்பது போல இருக்கிறது, ஆனால் நகர்வது படகு. போர்ஃபிரியின் முதல் கேள்விக்கு இதுதான் பதில். நான்காம் நூற்றாண்டில் பேரரசர் ஜூலியனின் வட்டத்தில் இருந்த சலுஸ்டியஸும் இன்னொரு விதத்தில் சொல்கிறார்: தெய்வம் தீயவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்பது, பார்வையற்றவரிடமிருந்து சூரியன் ஒளிந்துகொள்கிறது என்பதற்குச் சமம்.

இப்போது நீங்கள் மூடிவைத்த ப்ரோக்ளஸுக்கு வருவோம். ‘பதவிப் பட்டியல்’ என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப் படித்தால் யாருக்கும் அலுக்கும். தவறு எங்கே என்றால், மேலே ‘ஒன்று’ என்பதை ஒரு தலைமை அதிகாரியாகவும், தெய்வங்களை அவருக்குக் கீழே அதிகாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டவர்களாகவும் கற்பனை செய்துகொள்கிறோம். அந்த ‘ஒன்று’ எண்ணிக்கையில் வரும் ஒன்று அல்ல. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினால் அதில் முதலில் வருகிற ஆள் அல்ல அது. எது இருந்தாலும் அது ஓர் ஒருமையாக இருப்பதற்குக் காரணம் அது. இதை வைத்துக்கொண்டு ப்ரோக்ளஸ் கேட்கிறார்: அந்த ஒருமையிலிருந்து முதலில் என்ன வரும்? காரணம் தன்னைப் போன்றதைத்தான் முதலில் தரும், தன்னைப் போல இல்லாததை அப்புறம்தான் தரும். ஆகவே ஒருமையிலிருந்து முதலில் வருபவை ஒருமைகள். கிரேக்கத்தில் ‘ஹெனாட்’ என்பார்கள், ‘ஒன்று’ என்ற சொல்லிலிருந்தே பிறந்த சொல். 114-ஆவது கூற்று இதைச் சொல்கிறது: தெய்வம் ஒவ்வொன்றும் தன்னில் நிறைவான ஒரு ஹெனாட், தன்னில் நிறைவான ஹெனாட் ஒவ்வொன்றும் ஒரு தெய்வம்.

அதாவது சியூஸ் என்பவர் ‘ஒன்று’வின் ஒரு துண்டு இல்லை. அதீனா என்பவள் அதன் முகமூடியும் இல்லை, ‘எல்லாம் ஒன்றுதான், பெயர்தான் வேறு’ என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோமே, அதுவும் இல்லை. பிளேட்டோவின் ‘பார்மெனிடீஸ்’ உரையாடலுக்கு எழுதிய விளக்கத்தில் ப்ரோக்ளஸ் மரங்களைக் காட்டுகிறார். மரங்கள் எல்லாம் வேரால் ஒரே மண்ணில் ஊன்றியிருக்கின்றன, அதே மாதிரி தெய்வங்கள் தம் உச்சியால் ‘ஒன்று’வில் வேர்விட்டிருக்கிறார்கள். ஒரே மரத்தின் கிளைகள் என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். தனித்தனி மரங்கள், ஒவ்வொன்றும் முழு மரம், மண் மட்டும் ஒன்று. அது மட்டுமல்ல, ஒவ்வொரு தெய்வத்துக்குள்ளும் மற்ற எல்லாத் தெய்வங்களும் இருக்கிறார்கள், ஆனால் அந்தந்தத் தெய்வத்தின் விதத்தில் இருக்கிறார்கள். அலுவலகத்தில் எழுத்தருக்குள் ஆட்சியர் இருப்பதில்லை. அதனால்தான் அந்த உவமை இங்கே பொருந்தாது என்கிறேன்.

தெய்வங்களுக்குள்ளும் ஆறு தளங்களை ‘பிளேட்டோனிய இறையியல்’ நூல் விரித்துச் சொல்லும். முதல் வாசிப்பில் அது உங்களுக்கு வேண்டாம், அதில்தான் எல்லாரும் சிக்கிக்கொள்கிறார்கள்.

உங்களுக்கு வேண்டியது டைமோன். இந்தச் சொல்லைச் ‘சிறுதெய்வம்’ என்று மொழிபெயர்ப்பதை நான் விரும்புவதில்லை. தமிழில் அந்தச் சொல்லுக்குக் கிராமம், நகரம், சாதி, சைவப் படையல், ஆட்டுப் பலி என்று ஒரு நீண்ட சமூகக் கதை இருக்கிறது, அது இங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். ‘பேய்’ என்பது அதை விடத் தவறு, ஆனால் நீங்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. பவுல், தம் கடிதம் ஒன்றில், மற்ற மக்கள் பலியிடுவது டைமோன்களுக்குத்தான் என்று எழுதினார். அகஸ்தீன் ‘கடவுளின் நகரம்’ நூலில் பல பக்கங்கள் இவர்களோடு வாதாடினார். அந்த வழியில் சொல்லின் நிறமே மாறிப் பல மொழிகளில் அது தீய ஆவியின் பெயராகிவிட்டது. தமிழ் விவிலியத்திலும் அந்த இடத்தில் ‘பேய்கள்’ என்றே படித்திருப்பீர்கள். ஆனால் கிரேக்கத்தில் நல்வாழ்வுக்குப் பெயரே ‘யூடைமோனியா’, அதாவது நல்ல டைமோன் வாய்த்திருப்பது.

பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ உரையாடலில் டயோட்டிமா என்ற பெண் சாக்ரடீஸுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்: காதல் தெய்வமும் இல்லை, மனிதனும் இல்லை, ஒரு பெரிய டைமோன், மனிதரின் வேண்டுதலை மேலே கொண்டுபோவதும் தெய்வங்களின் சொல்லைக் கீழே கொண்டுவருவதும் அவர்கள் வேலை, அவர்கள் நடுவில் இருப்பதால்தான் அனைத்தும் ஒன்றோடொன்று கட்டுண்டு இருக்கிறது. ப்ரோக்ளஸ் இதை ஒரு தர்க்கமாகவே ஆக்கினார். 184, 185 ஆகிய கூற்றுகளைப் பாருங்கள். எப்போதும் தெய்விகமாக இருக்கும் ஆன்மாக்கள் உண்டு. அறிவிலிருந்து அறியாமைக்கும் அறியாமையிலிருந்து அறிவுக்கும் மாறிக்கொண்டே இருக்கும் ஆன்மாக்கள் உண்டு, அது நாம். இந்த இரண்டுக்கும் நடுவே, தெய்வமாக இல்லாவிட்டாலும் அறிவிலிருந்து ஒருபோதும் நழுவாதவை இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். அந்த நடு ஆன்மாக்கள் தெய்வங்களை எப்போதும் பின்தொடர்கின்றன, நாம் சில நேரம் மட்டும் பின்தொடர்கிறோம். எவ்வளவு அழகான வரையறை பாருங்கள், மனிதன் என்பவன் சில நேரம் மட்டும் பின்தொடர்பவன்.

டைமோன்களில் கெட்டவர்கள் உண்டா என்பதில் இவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. இறைச்சி உண்ணாமை பற்றிய நூலில் போர்ஃபிரி, இரத்தப் பலியின் புகைக்கு ஏங்கி வருபவை தீய டைமோன்கள்தான் என்கிறார், உச்சியில் உள்ள கடவுளுக்கு வாய்ச்சொல்லும் வேண்டாம், தூய மௌனமே காணிக்கை என்றும் சொல்கிறார். ப்ரோக்ளஸோ இயல்பிலேயே தீய டைமோன் என்று ஒன்று இருக்கவே முடியாது என்று வாதிடுகிறார். இதில் நான் ப்ரோக்ளஸ் பக்கம். நன்மையிலிருந்து வந்த ஒரு வரிசையின் நடுவில் இயல்பாகவே கெட்ட ஒன்றை வைத்தால் அந்த வரிசையே அறுந்துவிடுகிறது.

ப்ளோட்டினஸ் இதிலும் தனி வழி. ரோமுக்கு வந்த எகிப்தியப் பூசாரி ஒருவர் அவருடைய காவல் டைமோனை வரவழைத்துக் காட்டுகிறேன் என்றாராம், நகரத்திலேயே தூய்மையான இடம் என்று ஐசிஸ் கோயிலைத் தேர்ந்தெடுத்தார்கள், அழைத்தபோது வந்தது டைமோன் அல்ல, ஒரு தெய்வம் என்று போர்ஃபிரி எழுதுகிறார். காவலுக்குப் பறவைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற நண்பர் பொறாமையாலோ பயத்தாலோ அவற்றின் கழுத்தை நெரித்துவிட, வந்தவரிடம் எதுவும் கேட்க முடியாமல் போயிற்று. கதை இருக்கட்டும். மூன்றாம் எனியாடின் நான்காவது கட்டுரையில் ப்ளோட்டினஸ் இதைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதுதான் முக்கியம். நீங்கள் எந்தத் தளத்தில் வாழ்கிறீர்களோ, அதற்கு ஒரு படி மேலே இருப்பது உங்கள் டைமோன். புலன்களால் வாழ்கிறவனுக்கு அறிவே டைமோன், அறிவால் வாழ்கிறவனுக்கு அதற்கும் மேலே உள்ளது டைமோன். டைமோன் உங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை, நீங்கள்தான் உங்கள் டைமோனைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று பிளேட்டோ ‘குடியரசு’ நூலின் கடைசிப் பகுதியில் சொன்னதை அவர் இப்படி எடுத்துக்கொண்டார்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தெய்வங்கள் ‘ஒன்று’வைப் போலவே அறிவுக்கு எட்டாதவர்கள், ஆனால் அவர்களைச் சார்ந்து நிற்பவற்றைக் கொண்டு அவர்களை அறியலாம் என்கிறார் ப்ரோக்ளஸ் (123-ஆவது கூற்று). சார்ந்து நிற்பவை என்றால் தேவதூதர்கள், டைமோன்கள், ஆன்மாக்கள், அதற்கும் கீழே விலங்கு, செடி, கல் வரைக்கும். ஒவ்வொரு தெய்வத்திலிருந்தும் ஒரு சங்கிலி இறங்குகிறது. சூரியனின் சங்கிலியில் சிங்கமும் சேவலும் இருக்கின்றன, வெயிலை நோக்கித் திரும்பும் ஹீலியோட்ரோப் செடி இருக்கிறது (நம் சூரியகாந்தி அல்ல, அது அமெரிக்காவிலிருந்து வந்தது), தாமரை இருக்கிறது. புனிதக் கலை பற்றிய அவருடைய சிறு நூலில் தாமரையைப் பற்றி ஓர் இடம்: விடிவதற்கு முன் இதழ் மூடியிருக்கிறது, சூரியன் ஏற ஏற விரிகிறது, இறங்க இறங்கக் குவிகிறது, மனிதர் வாயையும் உதட்டையும் திறந்து மூடி சூரியனைப் பாடுவதற்கும் தாமரை இதழைத் திறந்து மூடுவதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கிறார். முதலாவதைத் தவிர எல்லாமே வேண்டுகின்றன என்ற பழைய வாக்கு ஒன்றையும் அவர் வேறோர் இடத்தில் எடுத்துச் சொல்வார்.

சங்கிலியில் ஒரே பெயர் மேலிருந்து கீழே வருவதையும் கவனிக்க வேண்டும். அப்போலோவைப் பின்தொடரும் டைமோனும் அப்போலோ என்ற பெயரையே தாங்கும். ஹோமரில் தெய்வங்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்களே, தத்துவ ஆசிரியர்கள் அதை எப்படிச் சகித்தார்கள் என்று அடுத்து நீங்கள் கேட்பீர்கள், அதற்கு ப்ரோக்ளஸ் தரும் பதில்களில் இதுவும் ஒன்று. சண்டை நடப்பது அதே பெயர் தாங்கிய கீழ்த் தளங்களில், உச்சியில் அல்ல.

பிறகு என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 529-இல் பேரரசர் ஜஸ்டினியனின் ஆணையால் ஏதென்ஸில் தத்துவம் கற்பிப்பது நின்றது, அங்கே கடைசித் தலைவராக இருந்த டமாஸ்கியஸும் அவருடைய தோழர்களும் பாரசீகத்துக்குப் போனார்கள். ஆனால் மேலிருந்து படிப்படியாக இறங்கும் அந்த வரிசை, அந்தப் படிக்கட்டு, அழியவில்லை. மேலே சொன்ன டயோனீசியஸ் அதை எடுத்து, மூன்று மூன்றாக ஒன்பது வகைத் தேவதூதர்களாக அமைத்தார், அதைத்தான் இடைக்கால ஐரோப்பா முழுவதும் படித்தது. அவர் பவுலின் சீடர் என்று நூற்றாண்டுகளாக நம்பினார்கள், ப்ரோக்ளஸிடமிருந்து எடுத்தவர் என்று 1895-இல் இரண்டு ஜெர்மன் அறிஞர்கள் தனித்தனியாகக் காட்டினார்கள். படிக்கட்டு அப்படியே இருந்தது, அதில் தெய்வங்கள் மட்டும் இல்லை. எனக்கு அது ஒரு பெரிய இழப்பாகவே படுகிறது, ஏனென்றால் ப்ரோக்ளஸின் தேவதூதர்களும் டைமோன்களும் ஒரு குறிப்பிட்ட தெய்வத்தைப் பின்தொடர்ந்தவர்கள், தன் தெய்வத்தின் சாயலைக் கொண்டவர்கள்.

இனி எப்படிப் படிப்பது. சலுஸ்டியஸின் ‘தெய்வங்களும் உலகமும் பற்றி’ சிறிய நூல், ஒரே மாலையில் முடித்துவிடலாம், அதில் தொடங்குங்கள். அடுத்து ‘மூலக்கூறுகள்’. முதல் ஆறு கூற்றுகளை நிதானமாகப் படித்து, 21, 28, 29, 103 ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, 113-லிருந்து 165 வரை ஒரே மூச்சாகப் போங்கள், அதுதான் ஹெனாட்களின் பகுதி. ஒரு நாளைக்கு மூன்று கூற்றுக்கு மேல் வேண்டாம். கையில் தாளும் பேனாவும் வைத்து, எந்தக் கூற்று எதன் மேல் நிற்கிறது என்று கோடு போட்டுக்கொண்டே வாருங்கள், பட்டியலாகத் தெரிந்தது அப்போது ஒரு வாதமாகத் தெரியும். யாம்ப்ளிகஸின் பதில் கடிதத்தை அதன் பிறகு எடுங்கள், தெய்வமும் தேவதூதரும் டைமோனும் தோன்றும்போது என்ன வேறுபாடு தெரியும் என்று வரிசையாகச் சொல்லும் இரண்டாம் பகுதியை முதல் தடவை தாண்டிவிட்டாலும் பரவாயில்லை.

மேசைக்கு மேலே ஒட்டியிருக்கும் தாளைக் கிழிக்க வேண்டாம். கீழே இடம் இருந்தால் அந்தச் சூரிய உதயப் பகுதியையும் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். 113-இல் தொடங்கி எங்கே சிக்கினாலும், எந்தக் கூற்று என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள், பதில் எழுதுகிறேன்.